முட்டையை விட லேசான பை

என் சித்தி இப்போது தலையணை உறை தைக்கிறாள். நாலு பக்கம், ஒரு ஜிப், அவ்வளவுதான். பட்டறையில் புதிதாகச் சேரும் பெண்களுக்குக் கொடுக்கிற வேலை அது. சித்தி அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கொடுத்ததையெல்லாம் தைத்து அடுக்கிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

முன்பு அவள் திரைச்சீலை தைத்தாள். ஜன்னலோரத்துப் பெரிய மேசை அவளுடையது. தரையிலிருந்து கூரை வரை போகிற கண்ணாடிச் சுவர்களுக்கு, ஓட்டல் அறைகளுக்கு, கூட்ட அரங்குகளுக்கு என்று பட்டறைக்கு வருகிற பெரிய வேலைகள் எல்லாம் அவள் கையில்தான் முடியும். "நான் தச்சது பிரிஞ்சிடுச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து நின்னதில்ல" என்பாள். பெருமையாகக்கூடச் சொல்லமாட்டாள். இன்று வெயில் அதிகம் என்பதுபோலச் சொல்வாள்.

திரைச்சீலைத் தையலில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு முறை உண்டு. மேசையில் வெட்டும்போது துணிக்கு இருக்கும் நீளம் வேறு, ஜன்னலில் தொங்கும்போது இருக்கும் நீளம் வேறு. தன் எடையிலேயே துணி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால் கீழ் மடிப்பை முதலில் ஓட்டுத் தையலில்தான் போடுவார்கள். நீள நீளமான தையல்களாக, இடையில் முடிச்சில்லாமல், ஒரே நூலை ஓட்டிவிடுவது. எந்த நிறத் துணியானாலும் ஓட்டுக்கு வெள்ளை நூல்தான், அப்போதுதான் பிறகு பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரியும். நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். அப்படியே கொண்டுபோய் வாடிக்கையாளர் வீட்டில் சில நாள் தொங்கவிட்டு, துணி இறங்குகிற மட்டும் இறங்கி ஓய்ந்தபின் கழற்றி எடுத்து வந்து, அதற்கப்புறம்தான் கெட்டித் தையல்.

"அவசரப்படாத, தொங்கட்டும். எங்க தைக்கணும்னு துணியே சொல்லும்" என்று சித்தி பட்டறைப் பெண்களிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். இந்த வேற்று ஊரில், முதலாளியம்மா முதல் எல்லோரும் தமிழ் பேசுகிற பட்டறை அது.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதி அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்றுவிட்டால் அவருக்குத்தான் அழைப்பு வரும். ஒருமுறை கதவு இடித்து இடது தோள் எலும்பு விலகி, சேர்ந்தது கோணலாகச் சேர்ந்துவிட்டது. அந்தத் தோளில் எதையாவது மாட்டினால் கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போகும். அந்தத் தோளை வைத்துக்கொண்டு அவர் மலையேறக் கிளம்பியதுதான் வீட்டில் வேடிக்கை.

"நாள் பூரா அடுத்தவங்கள ஏத்தி இறக்குறேன். வாரத்துல ஒரு நாள் நானா ஏறிக்கிறேனே" என்பார்.

நகரத்திலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில் ஒரு மலை இருந்தது. பெரிய மலை இல்லை. மேலே முகடு வரை பாதை போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். சித்தப்பாவும் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற தமிழர் ஒருவரும் சேர்ந்து போவார்கள். தபால்காரர்தான் சித்தப்பாவுக்கு 'கிராம்' என்று பேர் வைத்தது. தோள் தாங்காது என்பதால் சித்தப்பா எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்ப்பார். பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினார். பேனாவின் கொக்கியைப் பிடுங்கினார். வழி காட்டும் வரைபடத்தின் ஓரத்து வெள்ளைத் தாளைக்கூடக் கத்தரித்துவிட்டார்.

"என்ன கிராம், மூக்குக்கண்ணாடிய எடை போட்டாச்சா?" என்று வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவார் தபால்காரர்.

"எல்லாம் போட்டாச்சு. உங்க பேச்சத்தான் போடல. அத தூக்கித் தராசுல வைக்க ரெண்டு ஆள் வேணும்."

சித்தி உள்ளேயிருந்து, "தொப்பை எத்தன கிராம்னு பாருங்க. அத மொதல்ல எறக்கி வச்சிட்டுப் போகலாம்" என்பாள்.

அவர்கள் வீட்டு உள்ளறையில் தங்கித்தான் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவரும் இப்படி ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே இருப்பதில் வீடு எப்போதும் நிறைந்த மாதிரி இருக்கும்.

தோள்பையே வேண்டாம், இடுப்பில் கட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பை போதும் என்று சித்தப்பாவுக்குத் தோன்றியது. கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"வெறும் பையே ஒரு ஆப்பிள் கனம் இருக்கு. நீ ஒண்ணு தச்சுக் குடேன்."

"எவ்வளவு கனத்துல வேணும்?"

அவர் கொஞ்சம் யோசித்து, மேசையில் இருந்த முட்டைக் கூடையைக் காட்டினார். "முட்டையை விடக் கம்மியா. போட்டிருக்கறதே தெரியக் கூடாது. அதுதான் பை."

"அப்போ தைக்காமயே தர்றேன். கட்டிக்கிட்டுப் போங்க."

ஆனால் மறுநாளே அவள் ஆரம்பித்துவிட்டாள். காற்றில் கம்பி வளைந்துபோன கருநீலக் குடை ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் துணியைப் பிரித்து, சூடு குறைத்து இஸ்திரி போட்டு, பைக்கு வேண்டிய துண்டுகளை வெட்டினாள். நைலான் துணியின் ஓரம் நூல் நூலாகப் பிரியும். மடித்துத் தைத்தால் கனம் கூடும் என்று மெழுகுவர்த்தியை ஏற்றி, சுடரில் ஓரத்தை லேசாகக் காட்டிக் காட்டி உருக்கினாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அறை முழுக்கப் பொசுங்கின வாடை. ஜிப் ஒரு பழைய குஷன் உறையிலிருந்து வந்தது. பையின் தையல்கள் எல்லாவற்றையும் இயந்திரத்தில் இரட்டையாக ஓட்டினாள்.

பட்டைக்குத்தான் யோசித்தாள். கடைசியில் பட்டறையிலிருந்து திரையின் தலைப்பில் வைத்துத் தைக்கிற நாடாவில் ஒரு துண்டு எடுத்து வந்தாள். கண்ணு கண்ணாக நெய்த நாடா. கையில் பிடித்தால் பிடித்த மாதிரியே இருக்காது. ஆனால் கனம் தொங்கினால் கொஞ்சம் இறங்கும்.

அந்த நாடாவின் நுனிகளையும் மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிவிட்டு, பையின் இரண்டு பக்கமும் கையால் வைத்துத் தைத்தாள். வெள்ளை நூலில், ஓட்டுத் தையலில்.

"ஒரு தடவ போட்டு நடந்துட்டு வாங்க. நாடா எவ்வளவு எறங்குதுன்னு பாத்துட்டு, அளவு வெட்டி, கெட்டியா போட்டுத் தர்றேன்."

"இது என்ன ஜன்னல்ல தொங்கப் போற திரையா?"

"துணின்னா துணிதான். உங்களுக்காக அது எறங்காம இருக்குமா?"

சித்தப்பா பையைத் தராசில் வைத்தார். நாற்பத்தாறு கிராம். பையை எடுத்துவிட்டு முட்டையை வைத்தார். ஐம்பத்துமூன்று. "முட்டை தோத்துச்சு" என்றார். போன், விசில், லைட்டர், குளிரில் போர்த்திக்கொள்ளச் சின்னதாக மடித்த வெள்ளித்தாள், ஒரு பிடி கடலை எல்லாவற்றையும் உள்ளே வைத்து, இடுப்புக்குப் பின்னால் வருகிற மாதிரி மாட்டிக்கொண்டார். கூடத்தில் நடந்தார். குனிந்து நிமிர்ந்தார். எங்களுக்காக ஒரு தடவை குதித்தும் காட்டினார்.

"தெரியவே இல்ல. நெஜமாவே தெரியல."

சித்தி வாயைக் குவித்துக்கொண்டு மெழுகுவர்த்தியை அணைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் வாயை அப்படித்தான் குவிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தபால்காரருக்குக் காய்ச்சல்.

"தனியாவா போறீங்க?"

"பாதை இருக்கு, பை இருக்கு. மொத மேடு வரைக்கும் போய், உன் நாடா எறங்குதான்னு பாத்துட்டு வர்றேன். மத்தியானம் சாப்பிட வந்துடுவேன்."

கையில் தண்ணீர் பாட்டிலோடு அவர் படியிறங்கிப் போனார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் சித்தி தட்டை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற மலையின் மேல்பாதி காணாமல் போனது. யாரோ சாம்பல் நிறத் துணியைப் போட்டு மூடின மாதிரி மூடுபனி இறங்கியது. போனில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் தபால்காரர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு எங்கள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். அவர்தான் மீட்புக் குழுவுக்குச் சொன்னது.

திங்கட்கிழமை விடிந்ததும் மலையடிவாரத்தில் இருக்கும் அவர்களுடைய அறைக்குப் போனோம். ஈரக் காலணிகளும் கயிற்றுச் சுருள்களும் கிடந்தன. மூலையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. சுவரை அடைத்து மலையின் வரைபடம். குழுத் தலைவருக்கு நரைத்த தாடி, சளி பிடித்த தொண்டை. அவர் பேசியது இந்த ஊர் மொழி. சித்திக்கு அந்த மொழியில் கடையில் சாமான் வாங்கத் தெரியும், பேருந்தில் இடம் கேட்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும் என்பதால் அவர்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்தேன்.

அவர் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். என்ன சட்டை, என்ன காலணி, மாத்திரை ஏதும் சாப்பிடுவாரா. சித்தி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பையைப் பற்றிக் கேட்டபோது, "நான்தான் தச்சேன்" என்றாள். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

மத்தியானம் ஒரு இளைஞர் அந்தப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாதை ஒரு பள்ளத்தின் விளிம்பை ஒட்டித் திரும்புகிற இடத்தில், பாதைக்குக் கொஞ்சம் கீழே ஒரு புதரில் மாட்டிக்கொண்டு கிடந்ததாம். உள்ளே எல்லாம் அப்படியே இருந்தன. கடலைகூட. நாடா ஒரு பக்கம் மட்டும் பையோடு சேர்ந்திருந்தது. மறுபக்கம் தனியாகத் தொங்கியது.

சித்தி அதைக் கையில் எடுத்தாள். தனியாகத் தொங்கிய நாடாவின் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பையின் பக்கத்தை. அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்து இழுத்து உருட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. விரல் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

தலைவர் சொன்னதை நான் சொன்னேன். "கீழ விழும்போது பாறையிலயோ கிளையிலயோ மாட்டி நாடா அறுந்திருக்கணும்னு சொல்றாரு சித்தி. அந்த எடத்துலருந்து நேரா கீழ பள்ளம். அங்கதான் தேடணும்னு நெனைக்கிறாரு. சும்மா நடக்கறப்போ அறுந்து விழற நாடாவா இதுன்னு கேக்கறாரு. நல்லா கெட்டியா தச்சதான்னு."

சித்தி பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சித்தி."

"கெட்டியா தச்சதுதான்னு சொல்லு."

சொன்னேன். தலைவர் தலையாட்டினார். வரைபடத்தில் பள்ளத்தின் மேல் விரலை வைத்து, வாக்கிடாக்கியில் எல்லோரையும் அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். முகட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பி இறங்கினார்கள்.

திங்கட்கிழமை இருட்டும்வரை பள்ளத்தில் தேடினார்கள். செவ்வாய்க்கிழமை மழை. மழையிலும் கயிறு கட்டி இறங்கினார்கள். சேறாக ஏறி வருவார்கள், டீ குடிப்பார்கள், மறுபடி இறங்குவார்கள். தபால்காரர் காய்ச்சலோடு வந்து அவர்களுக்குக் கோப்பை கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "கிராம் அங்க எங்கயாவது உக்காந்து எடைய கணக்குப் பண்ணிட்டிருப்பான்" என்று ஒருமுறை சொன்னார்.

சித்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தகரக் கூரையிலிருந்து தண்ணீர் அவளுடைய செருப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை வெளிச்சம் குறையத் தொடங்கியபோது என்னை அருகில் கூப்பிட்டாள். ஸ்வெட்டர் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். வெள்ளை நூல், சின்ன உருண்டையாக.

"என்ன தெரியுதா?"

"நூல்."

"ஓட்டு நூல். பையோட பக்கத்துல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான்தான் உருவி எடுத்துட்டேன்." அவள் குரல் கடையில் விலை கேட்கிற மாதிரி இருந்தது. "நாடா அறுந்திருந்தா துணி கிழிஞ்சிருக்கும். துணி கிழியல. ஊசி போன ஓட்டை எல்லாம் வட்டமா, அப்படியே இருக்கு. ஓட்டுத் தையல் நடக்க நடக்க உருவிக்கிட்டு வந்திருக்கு. அவரு அங்க விழல. பைதான் விழுந்திருக்கு. அவருக்கு அது தெரியல. அவரு பாட்டுக்கு மேல நடந்து போயிட்டிருக்காரு."

போயிட்டிருக்காரு என்றுதான் சொன்னாள்.

"நேத்தே ஏன் சொல்லல சித்தி?"

"அந்தாளு கெட்டியா தச்சதான்னு கேட்டாரே. அவ்வளவு பேரு முன்னாடி என் தையல் பிரிஞ்சிடுச்சுன்னு வாயில வரல." நூலை மறுபடி மூடிக்கொண்டாள். "ஒரு நிமிஷம் கழிச்சு சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எல்லாரும் கெளம்பிட்டாங்க. கெளம்பினவங்கள எப்படி நிறுத்தறதுன்னு இருந்துட்டேன். அப்படியே நேரம் போயிடுச்சு. வா, இப்ப சொல்லு."

உள்ளே போய்ச் சொன்னேன். ஓட்டுத் தையல் என்றால் என்ன என்பதற்கு அந்த மொழியில் எனக்குச் சொல் தெரியவில்லை. சித்தி மேசையில் கிடந்த அவருடைய கைக்குட்டையை எடுத்து, தன் கைப்பையில் எப்போதும் இருக்கும் ஊசியால் நாலைந்து நீளத் தையல் ஓட்டிக் காட்டினாள். பிறகு நுனியைப் பிடித்து இழுத்தாள். நூல் சத்தமில்லாமல் வந்துவிட்டது.

தலைவர் கைக்குட்டையைப் பார்த்தார். சித்தியைப் பார்க்கவில்லை. எழுந்து வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆனால் இருட்டிவிட்டது. மழையில் முகட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது, விடியட்டும் என்றார்.

புதன்கிழமை காலையில் முகட்டுப் பாதையில் ஏறிய குழு ஒரு மணி நேரத்திலேயே அவரைக் கண்டுபிடித்தது.

பாதையிலிருந்து சற்று விலகி ஒரு பாறையின் மடிப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். கணுக்கால் வீங்கியிருந்தது. காலணியைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்திருந்தார். பாட்டிலில் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாதையில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து ஒரு கிளையில் கட்டியிருந்தார். அந்தத் துண்டைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள்.

கீழே கொண்டுவந்த பிறகு, ஆஸ்பத்திரியின் நீளமான நடையில் ஒரு டாக்டர் எங்களிடம் பேசினார். இளம் பெண். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, வருத்தப்படுகிறேன் என்று சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"எப்போன்னு கேளு" என்றாள் சித்தி.

கேட்டேன். குளிரில் இருந்த உடம்பைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை இரவைத் தாண்டியிருக்கிறார். திங்கட்கிழமையும் இருந்திருக்கலாம்.

"செவ்வாய்க்கிழமை?"

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு சித்தியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை இருந்திருக்கவும் கூடும், இல்லாமல் போயிருக்கவும் கூடும் என்றார்.

நான் அப்படியே சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சித்தி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னொரு தடவ கேளு."

இன்னொரு தடவை கேட்டேன். பதில் மாறவில்லை.

குழுத் தலைவரும் அங்கே வந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நூலைப் பற்றி முதலிலேயே தெரிந்திருந்தாலும் பள்ளத்தைத்தான் தேடியிருப்பேன், பை கிடைத்த இடம் அப்படி, என்றார். அதை நான் தமிழில் சொன்னபோது சித்தி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்ல மனுசன். சும்மா சொல்றாரு" என்றாள் என்னிடம். "இத அவருக்குச் சொல்லாத."

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. சித்தி பட்டறைக்குத் திரும்பினாள். பெரிய மேசையில் பழையபடி உட்கார்ந்தாள். ஆனால் திரையின் கீழ் மடிப்பை மேசையிலேயே, முதல் நாளே, கெட்டித் தையலாகப் போட்டாள். இரண்டு வரிசை. சில சமயம் மூன்று. திரைகள் போய்த் தொங்கின, தங்கள் எடைக்கு இறங்கின, தரையைத் தொட்டுப் புரண்டன. ஓட்டல்காரர்கள் போன் செய்தார்கள். திரும்பி வந்த திரைகளின் மடிப்பைப் பிரிக்க முடியவில்லை. அத்தனை நெருக்கமான தையல், பிரித்தால் துணி கிழிந்தது.

முதலாளியம்மா கொஞ்ச நாள் பொறுத்தாள். ஒருநாள் சித்தியின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஓட்டு போடாம திரை தைக்க முடியாதுன்னு உனக்கே தெரியும்ல. நீ சொல்லித்தான் இந்தப் புள்ளைங்க எல்லாம் கத்துக்கிச்சு."

"தெரியும்க்கா."

"அப்பறம் ஏன்டி?"

"கை வர மாட்டேங்குது. வெள்ள நூல எடுத்தா கோக்க முடியல."

முதலாளியம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உனக்கு இனிமே திரை வேணாம். தலகாணி உறை தை. அது எங்கயும் தொங்காது" என்றாள்.

இப்படித்தான் சித்தி தலையணை உறைக்கு வந்தாள்.

தபால்காரர் இன்றைக்கும் தெருவுக்கு வருகிறார். வாசலில் நின்று எதையாவது பேசப் பார்ப்பார். சித்தி தபாலை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். ஒருநாள் அவர் மீட்புக் குழுவின் அறையிலிருந்து வந்த பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, சித்தியைக் கூப்பிடாமலே போய்விட்டார்.

பொட்டலம் அலமாரி மேல் இருந்தது. சித்தி அதைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாள். போன வாரம் விடுமுறை நாளில் நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தின் தாள் கீழே மடித்து வைக்கப்பட்டிருந்தது. காலியான கருநீலப் பை ஊசிக்கு அடியில்.

பையில் சேற்றுக் கறை படிந்திருந்தது. அதைக் கழுவவில்லை. நாடாவின் நுனியைப் பையின் பக்கத்தில் வைத்து, கருநீல நூலில் நேராக ஓட்டினாள். திருப்பி அதன் மேலேயே ஓட்டினாள். குறுக்காக ஓட்டினாள். அந்தப் பக்கம் முடிந்ததும், பிரியாமல் இருந்த மறுபக்கத்தின் வெள்ளை நூலை நகத்தால் நெம்பி உருவிப் போட்டுவிட்டு, அங்கேயும் அதே மாதிரி. தடித்துப்போன இடத்தில் ஊசி இறங்காமல் இயந்திரம் முனகியது. சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கினாள்.

நூலை வெட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்தா, பிடி. இழு."

நான் பையை ஒரு கையிலும் நாடாவை ஒரு கையிலும் பிடித்து இழுத்தேன்.

"இன்னும்."

இழுத்தேன். காலை மேசைக்கு முட்டுக் கொடுத்து, என் உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு இழுத்தேன். நாடா நீண்டது. தையல் அசையவில்லை.

"மறுபக்கம்."

அதையும் இழுத்துக் காட்டினேன். சித்தி பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அலமாரியின் பின்னால் கிடந்த தராசை எடுத்து, தூசியைத் துடைத்து, மேசையில் வைத்தாள். பையை அதன் மேல் வைத்தாள்.

நாற்பத்தாறு.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். தராசை அணைத்து, போட்டு, திரும்பவும் வைத்தாள்.

"இவ்வளவு தையலும் ஒரு கிராம்கூட இல்ல" என்றாள்.

நாற்காலியை இழுத்து அதன் எதிரில் உட்கார்ந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாவிட்டால் தானாக அணைந்துவிடுகிற அந்தத் தராசின் எண்கள் அணைந்துபோயின. பை அதன் மேல் இருந்தது.